தண்ணீர் வந்தது, புல் போனது



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு மாடு என்றவுடன் நினைவுக்கு வருவது லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான். வெட்டுக்காட்டில் வேலை முடிந்து வந்த தாயோ தந்தையோ, அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கப் புறப்படுவர். பொழுது சாய்வதற்குள் சாக்கு நிறைந்துவிடும். புல் இல்லாமற் போகுமோ என்ற கவலை நமக்கு இருந்ததில்லை. நம்முடைய கவலை வேறு. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் இளங்கன்றுகளை மேய்ந்துவிட்டால் துரை என்ன சொல்வாரோ, கொட்டகையைப் பிரிக்கச் சொல்வாரோ என்பதே அது.

புல்லைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கவலைப்படுவதையே வாழ்க்கையாகக் கொண்ட மாட்டுப் பண்ணையாளர்கள் உண்டு. அவர்களுடைய வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கவிருக்கிறோம். நாடு ஆஸ்திரேலியா, அதிலும் அதன் நடுப்பகுதியான வறண்ட உள்நாடு. அங்கிருந்து மலேசியாவுக்கு மாடுகள் கப்பலில் வந்து இறங்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மிடையே பல. ஆயினும் இந்த வரலாற்றில் நமக்குப் பழக்கமான சில காட்சிகள் இருக்கின்றன.

முதலில் அந்த நிலத்தின் தன்மையைத் தெரிந்துகொள்வோம். கோலாலம்பூரில் ஓராண்டில் 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் ஏர் ஏரியைச் சுற்றியுள்ள பகுதியிலோ சராசரி 150 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சராசரியையும் நம்ப முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றும் பெய்யாமல், நான்காம் ஆண்டில் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிடலாம். கணக்கெழுதுகிறவருக்கு அது சராசரி மழை. மாட்டுக்கு அது மூன்றாண்டுப் பட்டினி. சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாடு மேய்ந்தாலே பல இடங்களில் போதும் என்பார்கள். எனவே பண்ணைகளும் பெரியவை. 'ஸ்டேஷன்' என்று அவற்றை அழைப்பர். அன்னா கிரீக் என்ற பண்ணையின் பரப்பு 23,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் பேராக் மாநிலம் முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம்.

இந்த நிலத்தின் குணத்தை முதலில் அறிந்து எழுதிவைத்த அதிகாரி ஜார்ஜ் கோய்டர் என்பவர். தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் அவர். 1865-இல், கடும் வறட்சிக்குப் பின், குதிரையேறிப் போய்ச் செடிகொடிகளைப் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே உழலாம். வடக்கே மழையை நம்பி ஏர் பூட்டாதே என்பது அதன் பொருள். அடுத்து வந்த ஆண்டுகளில் நல்ல மழை பெய்தது. உடனே எல்லாரும் கோய்டரை எள்ளி நகையாடினர். நிலத்தை உழுதால் மழை தானாகப் பின்தொடர்ந்து வரும் என்றொரு நம்பிக்கையும் அக்காலத்தில் பரவியிருந்தது. கோட்டைக் கடந்து குடியேறினார்கள். ஊர்களுக்கும் இடம் குறித்தார்கள். அவற்றுள் ஓர் ஊருக்கு ஃபரினா என்று பெயர் வைத்தனர். இலத்தீன் மொழியில் அதற்கு மாவு என்று பொருள். கோதுமை விளைந்து மாவாகக் கொட்டும் என்ற ஆசை! 1880களில் வறட்சி திரும்பியது. இன்று ஃபரினாவில் பார்ப்பதற்குப் பெரும்பாலும் இடிந்த கற்சுவர்களே உள்ளன.

உழவு தோற்ற இடத்தில் மாடுகளும் ஆடுகளும் மட்டுமே மிஞ்சின. மாடு வளர்ப்பவருக்கோ முதற்பெரும் சிக்கல் தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு மாடு நாளொன்றுக்கு 40, 50 லிட்டர் குடிக்கும்; வெப்பம் கடுமையானால் அதற்கு மேலும் குடிக்கும். ஆறு என்று வரைபடத்தில் இருப்பது ஆண்டில் பெரும்பகுதி மணல்தான். ஆங்காங்கே ஆற்று மடுக்களில் நீர் தேங்கி நிற்கும். மடு வற்றினால் மந்தையை அடுத்த மடுவுக்கு ஓட்டவேண்டும்.

அந்த வேளையில்தான் ஒரு புதையல் கிடைத்தது. 1878-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பர்க் என்னும் ஊர்ப்பக்கத்துப் பண்ணையொன்றில் துளை போட்டபோது நீர் தானாகவே மேலே பொங்கி வந்தது. இறைக்கவோ ஏற்றம் கட்டவோ தேவைப்படவில்லை. பூமிக்கடியில், பாறை அடுக்குகளுக்கு இடையே, அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்த நீர் அது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்கு அடியில் அந்த நீர்த்தேக்கம் பரந்து கிடப்பது பின்னர் தெரியவந்தது. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையும் அதில் அடங்கும். சில இடங்களில் ஏறக்குறையக் கொதிநிலையில் நீர் வெளிவரும். அதை ஆறவிட்டுத்தான் மாட்டுக்குக் காட்டவேண்டும்.

பிறகென்ன? எங்கும் துளை போட்டார்கள். மேரி என்னும் இரயில் நிலையத்துக்கும் வடக்கே பேர்ட்ஸ்வில் ஊருக்கும் இடையே சுமார் 520 கிலோமீட்டர் நீளமான மாட்டுத் தடம் ஒன்று உண்டு. இரயில் மேரிக்கு வந்தது 1884-இல். விற்பனைக்குரிய மாடுகளை அந்த இரயிலடிவரை கால்நடையாகவே ஓட்டி வரவேண்டும். வழியில் அவை தாகத்தால் சாகாதிருக்க, அரசாங்கமே அத்தடம் நெடுக இடைவெளி விட்டு ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டியது. பண்ணைகளுக்குள்ளும் கிணறுகள் பெருகின. கிணற்று வாயை மூடுவதில்லை. இரவும் பகலும் நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். மண்வாய்க்கால் வெட்டிப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடவிட்டனர். 1915 வாக்கில் இக்கிணறுகளிலிருந்து வெளிவந்த நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கோடி லிட்டர். திறந்த வாய்க்காலில் ஓடியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெயிலில் ஆவியாகியும் மண்ணில் ஊறியும் வீணாயிற்று. தெருக்குழாயில் வரிசை நின்று வாளியில் நீர் பிடித்த நமக்கு இதைக் கேட்கவே வயிறு எரிகிறது.

தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்ததென்று எல்லாரும் எண்ணினர். உண்மையில் அங்குதான் இரண்டாவது சிக்கல் பிறந்தது. மாடு நீரை விட்டு வெகுதூரம் மேயப் போகாது. சுமார் எட்டு அல்லது பத்துக் கிலோமீட்டர் போகும்; பிறகு குடிப்பதற்குத் திரும்பிவிடும். ஆகவே கிணற்றைச் சுற்றியுள்ள நிலம் நாள்தோறும் மேயப்பட்டது, நாள்தோறும் மிதிபட்டது. முன்பு மடு வற்றியதும் மந்தை அவ்விடத்தை விட்டுப் போயிற்று. புல்லும் உப்புச்செடியும் மூச்சுவிட்டுத் தழைத்தன. இப்போது வற்றாத தண்ணீர் இருப்பதால் மந்தை போவதில்லை. முதலில் இனிய புல் அழிந்தது. அடுத்து உப்புச்செடி அழிந்தது. முடிவில் மண்ணும் காற்றில் பறந்தது. கிணற்றை நடுவில் வைத்து வட்டமான மொட்டை நிலம் ஆண்டுக்காண்டு அகலமாயிற்று. வறட்சி வந்தபோது மாடுகள் நீர்த்தொட்டியின் அருகிலேயே விழுந்து செத்தன. அவற்றைக் கொன்றது தாகமன்று, பசி.

1895 முதல் 1902 வரை நீடித்த பெரும் வறட்சியில் இது வெட்டவெளிச்சமாயிற்று. அக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் சுமார் 1 கோடியே 20 லட்சமாக இருந்த மாடுகள் ஏறத்தாழ 70 லட்சமாகக் குறைந்தன. வட பகுதியில் உண்ணியால் பரவிய காய்ச்சலும் இதற்கு ஒரு காரணம். எஞ்சிய புல்லை முயல்கள் தின்றன. வேட்டை விளையாட்டுக்காக 1859-இல் ஒரு சீமான் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிட்ட முயல்களின் வழித்தோன்றல்களே அவை. ஒருவருடைய பொழுதுபோக்குக்கு ஒரு கண்டமே விலை கொடுத்தது.

இந்தப் புதிருக்கு வேறொரு விடை கண்டவர் சிட்னி கிட்மன். அடிலெய்டு நகரை அடுத்து 1857-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில், ஒற்றைக்கண் குதிரையொன்றில், பையில் ஐந்து ஷில்லிங்குடன் வீட்டைவிட்டுப் போனவர். கூலிக்கு மாடு மேய்த்த நாள்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். வட குவின்ஸ்லாந்தில் பெய்யும் பருவமழை கூப்பர், டயமன்டினா, ஜார்ஜினா என்னும் ஆறுகள் வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து வருகிறது. தலைக்கு மேல் ஒரு துளி பெய்யாத பாலைவனத்தில் வெள்ளம் வந்து, நூறு கால்களாகப் பிரிந்து, சமவெளியை நனைத்துவிட்டுப் போகிறது. அது வடிந்ததும் முழங்கால் அளவு புல் எழுகிறது. அப்பகுதியை வாய்க்கால் நாடு என்றே அங்கே அழைக்கிறார்கள்.

தண்ணீரை மாட்டிடம் கொண்டுவருவதைவிட மாட்டைப் புல்லிடம் கொண்டுபோவதே மேல் எனக் கிட்மன் முடிவு செய்தார். வட கடற்கரையிலிருந்து தெற்கே அடிலெய்டு சந்தைவரை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மந்தை நடந்துபோகக்கூடிய வகையில், சங்கிலிபோல் பண்ணைகளை வாங்கினார். ஓரிடத்தில் வறட்சி என்றால் மந்தை அடுத்த கண்ணிக்கு நகரும். 1902-க்குள் அவருக்கும் பெருநட்டம் ஏற்பட்டது. ஆனால் அவர் விழவில்லை. 1935-இல் இறந்தபோது உலகத்தின் மிகப்பெரிய நிலக்காரர்களுள் ஒருவராக இருந்தார்.

இவருடைய அறிவுக்கூர்மையை நாம் பாராட்டலாம். அதே வேளையில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இந்த வழி பல பண்ணைகளை உடையவருக்கு மட்டுமே திறந்த வழி. ஒரே பண்ணையை வைத்திருந்த சிறிய மனிதர் வறட்சியில் மந்தையை எங்கே ஓட்டுவார்? அண்டை நிலம் அவருடையதன்று. விற்றுவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. வாங்குகிறவர் பல சமயம் கிட்மனாகவே இருந்தார்.

1935-இல் பிரான்சிஸ் ராட்கிளிஃப் என்னும் விஞ்ஞானியை அரசாங்கத்தின் அறிவியல் கழகம் மணற்புயல்களின் காரணத்தை ஆராய அனுப்பியது. மழை குறைந்தது மட்டும் காரணமன்று, மாடும் ஆடும் மிகுதி என்று அவர் கண்டார். நல்ல ஆண்டை மனத்தில் வைத்து மந்தையைப் பெருக்கினால், கெட்ட ஆண்டில் அத்தனை வாய்களும் எஞ்சிய செடியை வேரோடு தீர்த்துவிடும். இதைப் புரிந்துகொள்வது எளிது, செய்வது கடினம். வங்கிக் கடனுக்கு வட்டி கட்டவேண்டியவர், புல் தழைத்து நிற்கும் ஆண்டில் பாதி நிலத்தைச் சும்மா விடுவாரா?

இதுவரை பண்ணை முதலாளிகளைப் பற்றியே பேசினோம். அந்த மாடுகளை ஓட்டியவர்கள் யார்? வட ஆஸ்திரேலியாவில் குதிரையேறி மந்தை வளைத்தவர்களிலும், வேலி போட்டவர்களிலும், பங்களாக்களில் சமைத்துத் துவைத்தவர்களிலும் பெரும்பாலோர் அந்நாட்டின் ஆதிக்குடிகள். எந்த மடுவில் எப்போதுவரை நீர் நிற்கும், எந்த மேட்டில் எந்தப் புல் முளைக்கும் என்பதெல்லாம் அவர்களுடைய முன்னோர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கைமாற்றித் தந்த அறிவு. அந்த அறிவின் துணையில்லாமல் பண்ணைக்காரர்கள் அங்கே காலூன்றியிருக்க இயலாது. ஆனால் நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. உழைப்புக்குக் கிடைத்தது பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, உப்பிட்ட இறைச்சி என்னும் ரேஷன். கூலி கொடுக்கப்பட்ட இடத்திலும் வெள்ளைத் தொழிலாளி பெற்றதில் சிறு பகுதிதான். தகர ஓலைக் குடிசைகளில் அவர்கள் குடியிருந்தனர்.

வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்றொரு மாட்டுப் பண்ணை. 1880களில் தொடங்கியது. 1914-இல் வெஸ்டி என்னும் பிரிட்டிஷ் குடும்ப நிறுவனத்தின் கைக்கு வந்தது. நிலம் ஓரிடம், வேலை செய்பவர் ஓரிடம், கணக்குப் பார்ப்பவர் லண்டனில் என்ற ஏற்பாட்டை நம் பாட்டன் பாட்டிமாருக்கு யாரும் விளக்கவேண்டியிருந்திருக்காது. அந்தப் பண்ணை குரிஞ்சி இன மக்களின் பூர்வீக நிலத்தில் அமைந்தது. 1966 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் தொழில் நடுவர் ஆணையம் ஆதிக்குடி மாட்டுத் தொழிலாளருக்கும் சமச் சம்பளம் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் பண்ணைக்காரர்கள் தங்களைத் தயார்செய்துகொள்ள அவகாசம் என்று 1968 டிசம்பர்வரை அதைத் தள்ளிவைத்தது. கூலிக்காரன் பொறுத்திருக்கலாம், முதலாளிக்குத்தான் அவகாசம் வேண்டும்!

1966 ஆகஸ்டு 23-ஆம் நாள் வின்சென்ட் லிங்கியாரி என்ற தலைமை மாட்டுக்காரரின் வழிகாட்டலில் சுமார் 200 பேர், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக, பண்ணையைவிட்டு நடந்து வெளியேறினர். முதலில் ஆற்றங்கரையில் தங்கினர். அடுத்த ஆண்டு தங்கள் புனித இடங்களுக்கு அருகில் உள்ள வாட்டி கிரீக் ஓரத்தில் குடியமைத்தனர். சம்பளப் போராட்டம் என்றே வெளியார் முதலில் எண்ணினர். கூலி உயர்வைக் காட்டி அழைத்தும் அவர்கள் திரும்பாதபோதுதான் உண்மை விளங்கியது. அவர்கள் கேட்டது நிலம். அங்கே தாங்களே மாடு வளர்க்கும் உரிமை. ஒன்பது ஆண்டுகள் விட்டுக்கொடுக்காமல் இருந்தனர். 1975 ஆகஸ்டு 16-இல் பிரதமர் காஃப் விட்லம் நேரில் வந்து, குத்தகைப் பத்திரத்தைக் கொடுத்து, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் வார்த்தார். முழு உரிமை கிடைத்தது 1986-இல்.

மற்றப் பண்ணைகளில் நடந்த கதை இவ்வளவு இனிதாக இல்லை. சமச் சம்பளம் சட்டமான பின், இத்தனை பேரை வைத்துக்கொள்ள இயலாது என்று முதலாளிகள் ஆள்குறைத்தனர். மந்தை வளைக்க ஹெலிகாப்டர் வந்தது. மாட்டை நடத்திப் போவதற்குப் பதில் மூன்று நான்கு பெட்டிகள் கோத்த நெடிய லாரிகள் வந்தன. தலைமுறைகளாகப் பண்ணையில் வாழ்ந்த குடும்பங்கள் ஊர்ப்புறங்களில் போய் ஒதுங்கின. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு லயத்தைவிட்டுப் புறப்பட்ட நம் குடும்பங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாட்டிலும் மாற்றம் வந்தது. இங்கிலாந்துக் குளிருக்குப் பிறந்த இனங்கள் வெயிலிலும் உண்ணியிலும் நலிந்தன. இந்தியாவின் கிர், ஓங்கோல் முதலான திமில் மாடுகளைக் கலந்து அமெரிக்கர் 'பிராமன்' என்ற இனத்தை உருவாக்கியிருந்தனர். அவற்றை 1933-இல் குவின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தபோது பண்ணைக்காரர் பலர் முகம் சுளித்தனர். ஆனால் வெப்பத்தையும் உண்ணியையும் அவை தாங்கி நின்றதைக் கண்ட பின் மனம் மாறினர். இன்று வட ஆஸ்திரேலிய மந்தைகளில் பெரும்பாலானவற்றில் நம் ஊர்த் திமில் மாட்டின் இரத்தம் ஓடுகிறது.

எனினும் வானம் மட்டும் யாருக்கும் வசப்படவில்லை. 2019 பிப்ரவரியில் வடமேற்குக் குவின்ஸ்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். பல ஆண்டு வறட்சி. மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன. மழை வந்ததும் மக்கள் மகிழ்ந்தனர். மழை நிற்கவில்லை, பல நாள் தொடர்ந்து பெய்தது, குளிர்க்காற்றும் சேர்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் மாடுகள் மூழ்கியும் குளிரில் விறைத்தும் மடிந்தன. வறட்சி முழுவதும் தீவனம் விலைக்கு வாங்கிப்போட்டுக் காப்பாற்றிய மந்தைகள் அவை.

கிணறுகளின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஓயாமல் ஓடவிட்டதால் பூமிக்கடியில் அழுத்தம் குறைந்து, தானாகப் பொங்கிய கிணறுகள் பல நின்றுபோயின. பாலைவனத்தில் ஆதிக்குடிகள் காலங்காலமாக நம்பியிருந்த இயற்கை ஊற்றுகளும் சில வறண்டன. 1999-இல் மத்திய அரசும் மாநில அரசுகளும் பண்ணைக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு கிணற்று வாய்களுக்கு மூடி போடவும், மண்வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதிக்கவும் பெருந்திட்டம் தொடங்கினர். அதனால் பல இடங்களில் அழுத்தம் திரும்ப ஏறியது.

குழாய் வந்ததால் பண்ணைக்காரர் கையில் இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒரு மேய்ச்சல் பகுதியில் புல் குறையத் தொடங்கினால் அங்குள்ள குடிதொட்டியின் குழாயை அடைத்துவிட்டு, வேறிடத்துத் தொட்டியைத் திறந்துவிடுகிறார். மாடுகளை விரட்டவேண்டியதில்லை, தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அவை தாமே நடந்துபோகின்றன. விட்டுப்போன நிலத்தில் புல் மீண்டும் தலைகாட்டுகிறது. கிணறுகள் வருவதற்கு முன்னால், வற்றிப்போன மடுக்கள் செய்துவந்த வேலை அது.